வெற்றிடத்தில் ஒரு மெருகு

மெருகின் சரித்திரம்: பதினான்காம் பகுதி

வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சர்க்கரைக் கரைசலும் சேர்ந்து கண்ணாடியின் மேல் வெள்ளியைப் படிய வைக்கும் லீபிக்கின் ரசாயன வித்தை, 1856-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் கையிலும் பிரான்ஸில் ஃபூக்கோ கையிலும் தூரதரிசினிகளுக்குள் புகுந்து, அதுவரை வானசாஸ்திரிகளின் தோளை ஒடித்துவந்த செம்பும் வெள்ளீயமும் கலந்த கனத்த ஆடிகளுக்கு ஓய்வு கொடுத்த விருத்தாந்தத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த வெள்ளி ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆகாயத்தை நோக்கும் ஆடிகளில் எதிரியில்லாமல் ஆட்சி செய்தது. அதன் ஆட்சியை முடித்துவைத்தது அதனினும் சிறந்த மற்றொரு கரைசல் அன்று. கரைசலே வேண்டாத, திரவமே தொடாத, சொல்லப்போனால் காற்றுக்கூட இல்லாத இடத்தில் நடக்கும் ஒரு கிரியை. ஓர் உலோகத்தை ஆவியாக்கி, அந்த ஆவியை வேறொரு பொருளின் மேனியில் அணு அணுவாகப் படியச் செய்யும் இக்கிரியையைத்தான் இன்று தொழிற்பேட்டைகளில் பி.வி.டி. என்று மூன்று எழுத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

இம்முறையின் பிறப்பு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஆனால் தன் ஆயுளின் முதல் எண்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை அது ஒரு வித்தையாக அன்று, ஓர் உபத்திரவமாகவே கழித்தது. ஸ்வான்ஸீ நகரில் பிறந்து, வழக்கறிஞர் தொழிலையும் பௌதிகத்தையும் ஒருங்கே நடத்தி, முதுமையில் நீதிபதியாகவும் அமர்ந்த வில்லியம் ராபர்ட் குரோவ், 1852-இல், பெரும்பகுதி காற்று நீக்கப்பட்ட ஒரு பாத்திரத்துக்குள் வெள்ளி பூசிய தகட்டுக்கு எதிரே எஃகு ஊசி ஒன்றை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சியபோது, தகட்டின் மேல் வளையம் வளையமாக நிறப் படலங்கள் எழுவதையும், மின்சாரத்தின் திசையை மாற்றினால் அவை அழிவதையும் கண்டு குறித்துவைத்தார். ஆறாண்டு கழித்து பான் நகரத்து ப்ளூக்கர், மின்சாரம் பாயும் வெற்றிடக் குழாய்களில் எதிர்முனையைச் சுற்றியுள்ள கண்ணாடிச் சுவரில் அம்முனையின் பிளாட்டினமே பெயர்ந்து வந்து ஒட்டி, ஆங்காங்கே ஆடி போல் பளபளப்பதைக் கண்டார். இடையில், 1857 பிப்ரவரியில் லண்டன் ராயல் சங்கத்தில் வாசித்த உபந்நியாசத்துக்காக ஃபாரடே மெல்லிய தங்கக் கம்பிகளை லெய்டன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தால் ஒரே கணத்தில் வெடித்துச் சிதறச்செய்து, அந்தப் பொற்புகையைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து, அவற்றின் ஊடே ஒளி எந்த நிறத்தில் கடக்கிறது என்று ஆராய்ந்தார். மூவருக்குமே படலம் ஓர் ஆராய்ச்சிப் பொருள். அதைக் கொண்டு எதையாவது பூசலாம் என்பது மூவர் சிந்தையிலும் முதன்மையாக எழவில்லை. குழாய் செய்தவர்களுக்கும், பிற்பாடு மின்விளக்கு செய்தவர்களுக்கும், கண்ணாடிக் குமிழின் உட்புறம் கறுத்துப்போவது தங்கள் சரக்கைக் கெடுக்கும் தொல்லை.

தொல்லையை முதன்முதலில் காசாக்க முயன்றவர், வேறு யாராக இருக்க முடியும், எடிசன்தான். வெற்றிடத்தில் மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கி மற்றொரு பொருளில் படியவைக்கும் உபாயத்துக்கு அவர் 1884-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1894-இல் கைக்கு வந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த உபயோகம் பாட்டுத் தட்டு வியாபாரத்தில். மெழுகு உருளையில் செதுக்கப்பட்ட பாட்டை ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்க வேண்டுமானால் அந்த மெழுகின் மேல் செம்பு முலாம் ஏற்றி அச்சு எடுக்க வேண்டும். மெழுகோ மின்சாரத்தைக் கடத்தாது. கிராஃபைட் தூளைத் தடவினால் பாட்டின் நுண்ணிய பள்ளங்கள் தூர்ந்து கரகரக்கும். எனவே மெழுகு உருளையை வெற்றிடத்தில் மெல்லச் சுழலவிட்டு, இரண்டு தங்கத் துண்டுகளுக்கு இடையே உயர்ந்த மின்னழுத்தத்தைப் பாய்ச்சி, பள்ளத்தைத் தூர்க்காத அளவுக்கு மெல்லிய பொன்னாடை ஒன்றை அதற்குப் போர்த்தினார். 1902-இல் அவருடைய நிறுவனம் விற்கத் தொடங்கிய ‘தங்க வார்ப்பு’ உருளைகள் அந்த அச்சிலிருந்து பிறந்தவை. அவற்றை வாங்கியவர் கையில் தங்கம் ஒரு துளியும் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அச்சோடு அது நின்றுவிட்டது.

எடிசன் வழிகாட்டிய பின்பும் இக்கலை கால் நூற்றாண்டு ஏன் பெருகவில்லை என்பதற்கு விடை, உலோகத்தில் இல்லை, உலோகம் இல்லாத இடத்தில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஓர் அணு நேர்க்கோட்டில் கிளம்பினால், மற்றொரு மூலக்கூற்றில் மோதாமல் அது செல்லக்கூடிய தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. காய்ச்சிய உலோகத்திலிருந்து கிளம்பும் அணு அங்கேயே நூறு முறை மோதி, வேகம் இழந்து, தன் இனத்தாரோடு கூடி, கருந்தூளாகத்தான் கீழே விழும். ஆக்ஸிஜனோடும் கலந்து கெட்டுப்போகும். பாதரச அளவில் 760 மில்லிமீட்டர் உள்ள காற்றழுத்தத்தை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கினால் அந்தத் தூரம் சுமார் 5 சென்டிமீட்டராக நீளும். லட்சத்தில் ஒரு பங்குக்கு இறக்கினாலோ 5 மீட்டராகிவிடும். அப்போதுதான் ஒரு பெரிய கலத்தின் ஒரு மூலையில் எழுந்த அணு, வழியில் எதையும் தொடாமல், சூரிய கிரணம் போல் நேராகப் பாய்ந்து எதிர்ப்புறத்துக் கண்ணாடியில் போய்ச் சேரும். ஆகவே இப்பூச்சுக் கலையின் சரித்திரத்தைப் பம்புகளின் சரித்திரம் என்றே எழுதினாலும் பிழையில்லை. 1915-இல் கேடேயும் மறு ஆண்டு லாங்மியூரும் பாதரச ஆவியின் வேகத்தால் காற்று மூலக்கூறுகளை இழுத்துச்செல்லும் டிஃப்யூஷன் பம்பைச் செய்தார்கள். 1928-இல் இங்கிலாந்தில் பர்ச் என்பவர் பாதரசத்தின் இடத்தில், மிக அரிதாகவே ஆவியாகும் ஓர் எண்ணெயை வைத்தார். இந்த எண்ணெய் வந்திராவிட்டால் நம் கதாநாயகர் கையில் அலுமினியம் வசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்; பாதரசத்தின் ஆவி அலுமினியத்துக்கு எமன்.

அந்தக் கதாநாயகர் ஜான் ஸ்ட்ராங். 1905-இல் அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் பிறந்து, 1930-இல் கலிபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள கால்டெக் என்னும் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவ்வூருக்கு மேலேயுள்ள வில்சன் மலையில் அப்போது உலகிலேயே பெரியதான 100 அங்குல ஆடி இருந்தது. அதனினும் இரு மடங்கு அகலமான 200 அங்குல ஆடிக்கு, ஜார்ஜ் எல்லரி ஹேல் 1928-இல் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து 60 லட்சம் டாலர் வாங்கிவைத்திருந்தார். இவற்றுக்கெல்லாம் பூசப்பட்டதும் பூசப்பட இருந்ததும் வெள்ளி. வெள்ளியின் குறைகள் இரண்டு. நகரத்துப் புகையில் கலந்துவரும் கந்தகம் அதைச் சில மாதங்களில் மங்கச் செய்துவிடும். ஒவ்வொரு முறையும் டன் கணக்கில் எடையுள்ள ஆடியைக் கழற்றி, பழைய வெள்ளியை அமிலத்தில் கரைத்து, புதிதாகப் பூசி, மீண்டும் மாட்ட வேண்டும். மற்றொரு குறை இதனினும் ஆழமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திருப்பியனுப்பும் புது வெள்ளி, ஊதாவைத் தாண்டிச் செல்லச் செல்லக் கைவிரித்துவிடுகிறது. 3,160 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை நெருங்கும்போது நூற்றுக்கு ஐந்து பங்கும் தேறுவது அரிது. நட்சத்திரங்களின் புறஊதா ஒளி, வாயுமண்டலத்திலுள்ள ஓஸோன் அனுமதிக்கும் எல்லைவரை பூமிக்கு வந்து, அத்தனை கோடி மைல் பிரயாணத்துக்குப் பின் தூரதரிசினியின் வாசலில் வெள்ளியால் தடுக்கப்பட்டது. உஷ்ணம் மிகுந்த நட்சத்திரங்கள் தங்கள் ரகசியங்களை வெளியிடுவதே அந்த ஒளியில்தான் என்பதை நினைத்தால் வானசாஸ்திரிகளின் தாபம் விளங்கும்.

அலுமினியம் இந்த இரு குறைகளையும் தீர்க்கும் என்பது தெரிந்த சங்கதி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது வெள்ளியைவிடச் சற்றே மட்டம், நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் புறஊதாவில் கைவிடாது. மேலும் காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் உண்டாகும் ஆக்ஸைடு ஏடு, நிறமற்றதும் கெட்டியானதுமாக அமைந்து, கீழேயுள்ள உலோகத்துக்குத் தானே காவலாக நின்றுவிடுகிறது. சிக்கல் ஆவியாக்குவதில். அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகினாலும், வெற்றிடத்தில் தாராளமாக ஆவியெழ 1,200 டிகிரியாவது வேண்டும். அந்த உஷ்ணத்தில் அது தன்னைத் தாங்கும் மூசை எதுவாயினும் தின்னத் தொடங்கிவிடும். ஜெர்மனியில் ரிட்ஷ்ல் என்பவர் டங்ஸ்டன் கம்பிக் கூடையில் வெள்ளியை வைத்து ஆவியாக்கி வெற்றி கண்டிருந்தார். அதே கூடையில் அலுமினியத்தை வைத்தால், உருகிய அலுமினியம் டங்ஸ்டனையும் கரைத்துக் கம்பியை அறுத்துவிட்டது.

ஸ்ட்ராங் செய்தது, விரோதியின் குணத்தையே உபகாரமாக மாற்றியது. உருகிய அலுமினியம் டங்ஸ்டனைக் கரைப்பதற்குக் காரணமான அந்த ஒட்டுறவே, அதைக் கம்பியின் மேல் ஈரம்போல் பரவிப் பற்றிக்கொள்ளவும் செய்கிறது. கம்பி போதிய கனமாக இருந்தால், ஓரளவு கரைந்த பின்பும் அறாமல் நிற்கும். அலுமினியம் கரைத்துக்கொள்ளும் டங்ஸ்டனோ, தன் உருகுநிலை 3,400 டிகிரிக்கு மேற்பட்டதாகையால், இந்த அற்ப உஷ்ணத்தில் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். ஆவியாகிப் போவது சுத்த அலுமினியமே. எனவே தடித்த டங்ஸ்டன் கம்பியைச் சுருளாகச் சுற்றி, சுருளின் ஒவ்வொரு வளைவிலும் ஊசிவளைவாக மடித்த அலுமினியக் கம்பித் துண்டொன்றைத் தொங்கவிட்டு, முதலில் ஆடி இல்லாத வெறும் கலத்தில் ஒருமுறை உருக்கிக் கம்பிக்கு அலுமினிய முழுக்காட்டி, பிறகே ஆடியை உள்ளே வைத்து வேலையைத் தொடங்கினார். உருகிய துளி கம்பியை விட்டுச் சொட்டாது என்ற உறுதி மிக முக்கியமானது. ஏனெனில் பெரிய ஆடிகள் முகம் மேல்நோக்கிப் படுத்திருக்க, சுருள்கள் அவற்றின் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும்.

சிறிய ஆடிகளில் தொடங்கி, லிக் வானாய்வகத்தின் 36 அங்குல க்ராஸ்லி ஆடி வழியாக, 1935-இல் வில்சன் மலையின் 100 அங்குல ஆடிக்கே அலுமினியம் ஏறியது. அந்த ஆடிக்கு வெள்ளி பூசும் படலம் அன்றோடு முடிந்தது.

இக்கட்டத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதே வேலையை ஸ்ட்ராங்கோடு ஏககாலத்தில் செய்துகொண்டிருந்த ராப்ளி வில்லியம்ஸ் என்ற மற்றொருவரைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கதைக்கு இது புறம்பானாலும் சுவையானது. இவரும் வானசாஸ்திரி, மிச்சிகனுக்குப் போனபின், வைரஸ்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்துவந்த வைகாஃப் என்பவரைச் சந்தித்தார். மைக்ராஸ்கோப்புப் படத்தில் வைரஸின் நீள அகலம் தெரிந்ததே ஒழிய உயரம் தெரியவில்லை. ஆடிக்கு உலோக ஆவி பூசும் வித்தையை அறிந்திருந்த வில்லியம்ஸ், வைரஸின் மேல் சாய்வான கோணத்திலிருந்து உலோக ஆவியைப் படியவிட்டால், ஆவி நேர்க்கோட்டில் செல்வதால் வைரஸுக்குப் பின்புறம் உலோகம் படியாத நிழல் ஒன்று விழும், நிழலின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று கண்டார். சாயங்கால வெயிலில் பனைமரத்தின் உயரத்தை அதன் நிழலால் அளக்கும் அதே க்ஷேத்திர கணிதந்தான். இதிலேயே ஆழ்ந்து நட்சத்திரங்களைத் துறந்த வில்லியம்ஸ், 1955-இல் பெர்க்லி நகரில், புகையிலை இலையைத் தாக்கும் வைரஸைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் உயிர்ப்பித்துக் காட்டிய இருவரில் ஒருவரானார்.

ஸ்ட்ராங்கிடம் திரும்புவோம். பூச்சு எவ்வளவு சிறந்ததாயினும், அது கண்ணாடியைப் பிடிப்பது கண்ணாடியின் சுத்தத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்கு எண்ணெய்ப் பசை தங்கியிருந்தாலும் அலுமினியம் உரிந்து வரும். இச்சுத்தத்தில் ஸ்ட்ராங் காட்டிய சிரத்தை பூசையறை ஆசாரத்தைத் தோற்கடிக்கும். கழுவிய கண்ணாடியின் மேல் மூச்சை ஊதிப் பார்ப்பார். திட்டுத் திட்டாக வெளுத்தால் அழுக்கு இருக்கிறது, எங்கும் ஒரே சீராகக் கறுத்துப் படிந்தால்தான் சுத்தம். பூசி முடிந்த பின் ஒட்டும் நாடா ஒன்றை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். உலோகம் நாடாவோடு வந்தால் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மறுபடி தொடக்கம். இந்த நாடாப் பரீட்சை இன்றும் பூச்சுத் தொழிலில் அன்றாடம் நடைபெறுகிறது. செய்பவருக்கு அது யாருடைய வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாலோமர் மலையில் 200 அங்குல ஆடிக்குப் பூச வேண்டிய நாள் வந்தபோது இந்தச் சிரத்தை ஒரு வேடிக்கையான கோலம் கொண்டது. கார்னிங் ஆலையில் 1934-இல் வார்க்கப்பட்டு, 1936-இல் ரயிலேறி பாசடீனா வந்து, உலக யுத்தம் இடைமறித்ததுபோக எஞ்சிய ஆண்டுகளெல்லாம் தேய்க்கப்பட்டு, 1947 நவம்பரில் மலையேறிய பதினாலரை டன் கண்ணாடி அது. அதைச் சுத்தம் செய்ய ஸ்ட்ராங் கொண்டுவரச் சொன்னது, ஆண்கள் தலையில் தடவிக்கொள்ளும் வைல்ட்ரூட் என்ற கடைத்தெருக் கேசத் தைலம். பதினொரு ஆண்டு உழைப்பில் மெருகேறிய கண்ணாடியில் ஒருவர் முடித் தைலம் தடவுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒளியியல் நிபுணர்களின் முகங்களை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். அவருடைய நியாயம் இது. இன்னதென்று தெரியாத பல அழுக்குகள் கண்ணாடியில் இருக்கின்றன. தெரிந்த ஓர் எண்ணெயை முழுதும் தடவிச் சுண்ணப் பொடியால் தேய்த்து எடுத்தால், தெரியாத அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். கடைசியில் தங்குவது தெரிந்த எண்ணெயின் மெல்லிய ஏடு மாத்திரமே. அதைக் கலத்துக்குள் மின்சாரத்தால் ஒளிரும் அரிதான வாயுவைக் கொண்டு எரித்து விரட்டிவிடலாம். அப்படியே செய்தார்.

அந்த ஆடிக்கு ஏறிய அலுமினியம் எவ்வளவு? கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஐந்தரை கிராம். பதினாலரை டன் கண்ணாடியும், அதைச் சுமக்கும் நூற்றுக்கணக்கான டன் இரும்பும், அதை மூடும் கோபுரமும் இந்த ஐந்தரை கிராம் உலோகத்துக்கு உருவம் கொடுத்து நிறுத்திவைக்கும் பரிவாரம் என்றுதான் சொல்ல வேண்டும். நட்சத்திர ஒளி உண்மையில் தொடுவது அதை மட்டுமே.

நம் நாட்டில் இந்தக் காட்சியைக் காண வேண்டுவோர் வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலையேறிக் காவலூருக்குச் செல்லலாம். அங்கே வைணு பாப்பு தம் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட, ஆனால் 1982-இல் மரணமடைந்தமையால் காணக் கொடுத்துவைக்காத, 2.34 மீட்டர் ஆடி இருக்கிறது. பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகிட்டது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அத்தூரதரிசினிக்கு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இவ்வளவு பெரிய ஆடியைப் பூச்சுக்காக வெளியூர் அனுப்புவது ஆபத்தாகையால், அதைப் படுக்கவைத்து மூடும் அளவுக்கு விசாலமான வெற்றிடக் கலமும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. புழுதியும் மழைக்கால ஈரமும் அலுமினியத்தையும் நாளடைவில் மங்கச்செய்யத்தான் செய்கின்றன. அப்போது ஆடியை இறக்கி, காஸ்டிக் காரக் கரைசலால் பழைய பூச்சைக் கரைத்து, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசி, ஒரு நீர்த்திவலையின் கறைகூட இல்லாமல் உலர்த்தி, உள்ளே அனுப்புகிறார்கள். முதலில் ரோட்டரி பம்ப் மூச்சிரைக்கக் காற்றின் பெரும்பகுதியை வெளியேற்றும். பிறகு டிஃப்யூஷன் பம்ப் சத்தமில்லாமல் மிச்சத்தை வாங்கும். மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் வேலை. பூச்சு ஏறுவதோ சில நிமிஷ சமாசாரம். அவ்வாடிக்கு வேண்டிய அலுமினியம், மேற்சொன்ன கணக்கின்படி, ஒரு கிராமுக்குச் சற்று மேல்.

இதுகாறும் சொன்னது காய்ச்சி ஆவியாக்கும் முறை. குரோவும் ப்ளூக்கரும் கண்டது வேறு. அங்கே உலோகம் கொதிக்கவே இல்லை. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் போய் அடித்தவுடன் குவியலிலிருந்து காய்கள் தெறிப்பதுபோல, மின்புலத்தால் விரைவு பெற்ற ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டைத் தாக்கி, அதன் மேற்பரப்பிலிருந்து அணுக்களைத் தெறிக்கச் செய்கின்றன. தெறித்த அணுக்கள் எதிரேயுள்ள பொருளில் போய் அமர்கின்றன. காய்ச்சினால் எளிதில் ஆவியாகாத உலோகங்களும், ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஆவியாகிக் கலவை கெட்டுவிடும் உலோகக் கூட்டுகளும் இம்முறைக்கு வசப்படும். ஆனால் அது வெகுகாலம் ஆமை வேகத்தில் நடந்ததால் தொழிற்சாலைக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காந்தத்தின் உதவியால் அதற்கு வேகம் வந்தது 1970-களில்.

இரு முறைகளாலும் இன்று பூசப்படுபவற்றைச் சொல்லப் புகுந்தால் முடிவிராது. மூக்குக் கண்ணாடியிலும் காமிரா லென்ஸிலும் கூச்சத்தைப் போக்கும் மக்னீஷியம் ஃபுளோரைடு ஏடும், கணிப்பொறிச் சில்லுகளுக்குள் ஓடும் உலோகப் பாதைகளும், வறுவல் பொட்டலத்தின் வெள்ளி நிற உட்புறமும் இவ்வித்தையின் சந்ததிகள். பட்டுப் புடவையின் அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பியும் தங்க முலாமும் இருக்க, மலிவுப் புடவையில் மின்னும் பிளாஸ்டிக் ஜரிகை, அலுமினிய ஆவி படிந்த பாலியெஸ்டர் ஏட்டை நூல்போல நறுக்கிச் சாயமேற்றியது. வில்சன் மலை ஆடியில் ஏறிய அதே மெருகு கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் உலவுகிறது.

இவற்றுள் ஒன்றைமட்டும் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். அது பட்டறைக்காரர்களின் சொத்து. எஃகைத் துளைக்கவும் கடையவும் பயன்படும் ஹை ஸ்பீடு ஸ்டீல் கருவிகளின் கூர்முனை, வெட்டும்போது எழும் உஷ்ணத்தாலும் உராய்வாலும் தேய்ந்துவிடும். அதன் மேல் அதைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் கடினமான டைட்டானியம் நைட்ரைடைப் பூசினால் நீடிக்கும் என்பது தெரிந்ததே. 1960-களின் இறுதியிலேயே கார்பைடு முனைகளுக்கு வாயுக்களின் ரசாயனச் சேர்க்கையால் இவ்வகைப் பூச்சு ஏற்றப்பட்டது. ஆனால் அதற்கு 1,000 டிகிரி உஷ்ணம் வேண்டும். கார்பைடு அதைத் தாங்கும். ஹை ஸ்பீடு ஸ்டீலோ 550 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் பதம் பார்க்கப்பட்டது. அதற்கு வெகு மேலே கொண்டுபோனால் கொல்லன் ஏற்றிய பதமெல்லாம் இறங்கிக் கருவி வளைந்தும் போகும். பூச்சு தங்கும், அதைத் தாங்கும் எஃகு போய்விடும்.

இந்த முட்டுக்கட்டையை அகற்றியவர்கள், அக்காலத்துச் சோவியத் நாட்டின் உக்ரேனில் கார்கோவ் நகரத்துப் பௌதிகத் தொழில்நுட்பக் கழகத்தார். வெற்றிடத்தில் டைட்டானியத் தகட்டின் மேல் மின்வில்லை எரியவிட்டால், வில் தொடும் சிறு புள்ளியில் உலோகம் கொப்புளித்து ஆவியாவதோடு, அந்த ஆவியின் பெரும்பகுதி மின்னேற்றமும் பெற்றுவிடுகிறது. கருவிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், இந்த டைட்டானிய அயனிகள் வெறுமனே படியாமல் வேகத்தோடு வந்து மோதிப் பதிகின்றன. பூச்சு வளரும்போதே அயனிகளால் அதை அடித்து இறுக்கும் இத்தத்துவத்தை அமெரிக்காவின் ஸாண்டியா ஆராய்ச்சிக் கூடத்தில் டொனால்ட் மாட்டாக்ஸ் 1960-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். கலத்துக்குள் சிறிது நைட்ரஜனை விட்டால், டைட்டானியம் வழியிலும் மேற்பரப்பிலும் அதோடு கூடி நைட்ரைடாகிவிடும். உஷ்ணத்தால் கிடைக்க வேண்டிய இறுக்கம் மோதலால் கிடைத்துவிடுவதால், கருவி 450 டிகிரிக்கு மேல் போக வேண்டியதில்லை. எஃகின் பதம் பத்திரமாக இருக்கும். ‘புலாட்’ என்று பெயரிட்ட அந்த யந்திரங்களின் நுட்பத்தை 1980-ஐ ஒட்டி அமெரிக்கர்களே உரிமம் பெற்று வாங்கிச் சென்றார்கள். இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் டிரில் பிட்டின் பூச்சு மாத்திரம் எல்லையைத் தாண்டியது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

மின்வில்லுக்கும் ஒரு குறை உண்டு. ஆவியோடு உருகிய டைட்டானியத்தின் நுண்துளிகளும் சிதறி வந்து பூச்சில் பருக்கள்போல் ஒட்டிக்கொள்ளும். துளையிடும் கருவிக்கு அது பெரிய பாதகமில்லை, ஒளிப்படலத்துக்கு உதவாது. மேலும் ஆவி நேர்க்கோட்டில் வருவதால் கருவியின் மறைவான பக்கம் பூச்சின்றிப் போகும். அதனால்தான் கலத்துக்குள் கருவிகள், தம்மைத் தாமே சுற்றிக்கொண்டே நடுத்தூணையும் சுற்றிவரும் தாங்கிகளில் நிறுத்தப்படுகின்றன. இரண்டு முதல் நான்கு மைக்ரான் கனம் ஏறியதும் கதவைத் திறந்தால், சாம்பல் நிறத்தில் உள்ளே போனவை பொன்னிறத்தில் வெளியே வரும். பொன் துளியும் இல்லை. டைட்டானியம் நைட்ரைடின் இயற்கை நிறம் அது. கைக்கடிகார உறைகளும் குளியலறைக் குழாய்களும் இந்நிறத்துக்காகவே இப்பூச்சை நாடுகின்றன.

கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் கருவி விற்கும் கடைகளில் ‘டின் கோட்டிங்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். ஆனால் நிறத்தை நம்பி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லத்தான் வேண்டும். பொன்னிறம் தெரிவதற்குத் தேவையான கனம் மிக அற்பம். வேலை செய்வதற்குத் தேவையான கனம் வேறு. ஆகவே மட்டமான எஃகின் மேல் பெயருக்குப் பூசி, உயர்ந்த சரக்கென்று விற்க இடமிருக்கிறது. அத்தகைய டிரில் நாலைந்து துளைகளில் நிறத்தையும் கூரையும் ஒருங்கே இழந்துவிடும். நல்ல கருவியோ, மழுங்கி மறுசாணை பிடித்தபின், சாணை பட்ட முனையில் பூச்சை இழந்தாலும், சீவல் ஏறிவரும் திருகுப் பள்ளத்தில் பூச்சு அப்படியே தங்குவதால், சீவல் ஒட்டாமல் வழுக்கி வெளியேற, பூசாத கருவியைக் காட்டிலும் அதிக நாள் உழைக்கிறது. முனைக்கும் மீண்டும் பூச வேண்டுமானால் அதற்கென்று உள்ள கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். விலையுயர்ந்த பல்சக்கரம் வெட்டும் ஹாப் போன்றவற்றுக்கு அது கட்டுப்படியாகும், சில்லறை டிரில்லுக்குக் கட்டுப்படியாகாது.

ஆமை வேகத்தில் நடந்த ஆர்கான் முறைக்குக் காந்தம் வேகம் கொடுத்த கதையும், அதனால் மாளிகைகளின் கண்ணாடிச் சுவர்கள் வெயிலை வடிகட்டக் கற்றதும் அடுத்த பகுதியில்.